மூன்றாம் நிலைக்கு வரமாட்டோம்

ஜூன் 9, ஞாயிறு

பொட்டலம் நாய்ப் பயிற்சியில் முதல் நிலை தேறிவிட்டான். எட்டு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தொலைத்து, திடலின் மண்ணை வீடு வரை சுமந்து வந்து, முட்டி தேய அவனோடு ஓடியது நான். சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றது இவர். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில்.

அதையாவது விட்டுத்தொலைக்கலாம். அங்கேயே பயிற்சி மாஸ்டரிடம் இரண்டாம் நிலைக்கும் பெயர் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? நாயைக் கொண்டுவரும்போதும் கேட்கவில்லை. மகள் படிக்க வெளியூர் போன மூன்றாவது வாரம், ஒரு அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். "வீடு வெறிச்சுன்னு இருக்குன்னு நீதான சொன்னே?" சொன்னேன். அதற்கு நாய் வேண்டும் என்றா அர்த்தம்? போனில் பெட்டியைப் பார்த்த மகள், "என்னம்மா, ஏதோ பொட்டலம் வந்திருக்கு?" என்றாள். பெயர் அதுவாகவே நின்றுவிட்டது.

வா என்றால் வருகிறான். உட்கார் என்றால் உட்காருகிறான். என் தோள்பட்டையைப் பிடுங்காமல் தெருவில் நடக்கிறான். பத்து மாதக் குட்டிக்கு இது போதாதா?

போதாதாம். "பெல் அடிச்சா வீட்டையே ரெண்டாக்குறான். கீழ்வீட்டுக்காரர் செயலாளர்கிட்ட லெட்டரே குடுத்துட்டார். எனக்கும் ஒரு காப்பி வந்திருக்கு" என்கிறார் இவர். கீழ்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். இரவு வேலை, பகலில்தான் தூக்கம். குடியிருப்புச் செயலாளர் ஆகஸ்ட் கடைசி வரை கெடு வைத்திருக்கிறார். அதற்குள் சத்தம் அடங்காவிட்டால் நாய் இங்கே இருக்கக் கூடாது.

பெல் மட்டுமா? காலையில் நான் வேலைக்குக் கிளம்பினால் பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி, நான் தெருமுனை திரும்பும் வரை குரைப்பான். எதையோ திருடிக்கொண்டு போகிறவள் மாதிரி நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன்.

சரி. ஆறு வாரம். போய்த் தொலைகிறேன்.

ஜூன் 10, திங்கள்

இன்று பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கு ரத்தம் எடுத்தேன். முப்பத்தெட்டு முறை "கையை அசைக்காதீங்க". வீட்டுக்கு வந்தால் நாயிடமும் அதே பாட்டு.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டாம் நிலை முழுக்க ஒரே பாடம்தான் போலிருக்கிறது. 'இரு' என்றால் இருக்க வேண்டும். நாம் சுவருக்குப் பின்னால் போய் மறைந்தாலும், எவன் மணியை அடித்தாலும், விரிப்பைவிட்டு நகரக் கூடாது.

"மேடம், 'இரு'ன்னு சொன்னா, நீங்களா விடுவிக்கிற வரைக்கும் அது முடியல. அதுக்கு ஒரு வார்த்தை வெச்சுக்குங்க. வீட்ல எல்லாரும் அதையே சொல்லணும்" என்றார் மாஸ்டர். நான் யோசிக்கவே இல்லை. ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து நாள் முழுக்க நான் சொல்கிற வார்த்தைதான் வாயில் வந்தது: "ஆச்சு."

பொட்டலத்துக்கு இரண்டே தடவையில் பிடிபட்டுவிட்டது. 'ஆச்சு' என்றதும் வில்லிலிருந்து விட்டதுபோல் பாய்ந்து வந்தான்.

வீட்டில் எல்லாரும் என்றால் யார்? முதுகுவலி என்று படுத்திருந்தவர்தான். வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சோபாவில் சாய்ந்து போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. போ, என்னத்தைச் சொல்ல.

ஜூலை 7, ஞாயிறு

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்கு இது பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

இன்று மாஸ்டர் எல்லாரையும் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மேடத்தைப் பாருங்க. கத்தல் இல்ல, இழுப்பு இல்ல. ஒரே வார்த்தை." பத்தொன்பது வருஷமாக ஊசி குத்துகிறேன், ஒரு ஈ காக்கை பாராட்டியதில்லை. வீடு வரும் வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

காலைக் குரைப்பும் நின்றுவிட்டது. காலையில் வாசல் விரிப்பில் 'இரு' என்கிறேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு 'ஆச்சு' என்கிறேன். சத்தம் காட்டாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறான். பால்கனிக்கு வருவதில்லை. நான் நிமிர்ந்து நடந்து தெருமுனை திரும்புகிறேன். என்னவோ விட்டுப்போன மாதிரி இரண்டு தடவை பையைத் திறந்து பார்த்தேன். சாவி, போன், டிபன் டப்பா எல்லாம் இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டாம் நிலையும் முடிந்தது. அடுத்த சான்றிதழ், அடுத்த போட்டோ, அதே சட்டை.

மூன்றாம் நிலை என்றால் என்ன என்று மாஸ்டர் விளக்கினார். சாப்பாட்டுத் தட்டை மூக்குக்கு முன்னால் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காக்க வைக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு நாய் பந்தோடு ஓடினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசியில் மற்ற வகுப்புகளோடு போட்டி. ஜெயித்தால் கோப்பை.

எதற்கு? இவன் என்ன எல்லையிலா போய் நிற்கப்போகிறான்?

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "திறமை இருக்குன்னு மாஸ்டரே சொல்றார். பாதியில விடறதா? உனக்கு எதையுமே முழுசா செய்யத் தெரியாது."

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் பாதியில் விட்ட மேற்படிப்பைச் சொல்கிறார். யாருக்காக விட்டேன்? வயிற்றில் பிள்ளை, வாளி வாளியாக வாந்தி, இவருக்கு வெளியூர் மாற்றல். இத்தனை நாள் மனசில் வைத்திருந்து, ஒரு நாய்க்காக எடுத்து வீசுகிறார் மனுஷன்! கையிலிருந்த சங்கிலியை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை வேறு, அது நிற்கவே நிற்காது.

ஜூலை 24, புதன்

எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் பொட்டலத்தை விரிப்பில் 'இரு' என்றுவிட்டுக் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து இவர் குரல்: "ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். இப்பப் பின்வாங்கினா என் மானம் போயிடும்." எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அப்ப நீங்களே போய்ப் பந்தைப் பாக்காம உட்காருங்க, கோப்பையை உங்க கழுத்துலயே கட்டி விடுவாங்க" என்று கத்தினேன். கதவை அறைந்து சாத்தினேன். இறங்கிவிட்டேன். அப்போது மணி எட்டேகால்.

வெறும் வயிற்றுப் பரிசோதனைக் கூட்டம் பதினொன்றுக்குத்தான் குறைந்தது. அலமாரியிலிருந்து போனை எடுத்தேன். வகுப்புக் குழுவில் எட்டு ஐம்பதுக்கு இவர் போட்ட படம். பொட்டலம் விரிப்பில் இருக்கிறான், கதவையே பார்த்துக்கொண்டு. கீழே இவர் எழுதியிருந்தார்: 'யாரும் சொல்லாமலேயே அரை மணி நேரமாக இப்படியே இருக்கிறான். சிங்கம்!' பதினான்கு கைதட்டல்கள். மாஸ்டரின் கட்டைவிரல்.

யாரும் சொல்லாமலேயா? நான் சொன்னேன். 'இரு' என்று சொன்னேன். 'ஆச்சு' என்று சொல்லவில்லை.

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கிடைத்த வண்டியில் ஏறி வந்தேன். கதவைத் திறந்தேன். அங்கேயே இருந்தான். விரிப்பு நனைந்திருந்தது. அவன் ஒன்றுக்குப் போகும் பால்கனி நாலடி தூரத்தில், கதவும் திறந்துதான் கிடந்தது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியது ஊற்றியபடி. மூன்று மணி நேரம். நடுவில் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து படுத்தானோ என்னவோ, நான் பார்க்கவில்லை. பார்த்தது அந்த விரிப்பைத்தான். என்னைக் கண்டதும் வால் மட்டும் ஈரத்தில் தப் தப்பென்று அடித்தது. உடம்பு எழவில்லை.

ஆச்சுடா. ஆச்சு. ஆச்சுடா கண்ணு, எந்திரி — நாலு தடவ சொன்னேன். அப்புறம்தான் எந்திரிச்சான். எந்திரிச்சு வந்து என் கைய நக்குறான். என் கைய! கடிச்சிருக்கலாம்லடா? ஒரு கடி கடிச்சிருந்தா எனக்கு ஆறியிருக்குமே!

ஜூலை 25, வியாழன்

மாஸ்டருக்குப் போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். "அடடா, மூணு மணி நேரமா? தங்கமான நாய் மேடம். போட்டிக்கு இதுதான் வேணும்" என்றார். போனை வைத்துவிட்டேன். திட்ட வேண்டியதெல்லாம் இப்போதுதான் வரிசை கட்டி வருகிறது.

அப்புறம் இவர்.

"அவன் பாட்டுக்குத்தான உட்கார்ந்திருந்தான்? எனக்கென்ன தெரியும்?"

"ஆச்சுன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பான்."

"என்ன ஆச்சு?"

அந்த வார்த்தையே அவருக்குத் தெரியாது. ஒரே வீடு, ஒரே நாய், தினமும் காலையில் பத்தடி தூரத்தில் நான் அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனுக்கு, அந்த நாயை எழுப்புகிற வார்த்தை தெரியாது. ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் அவரிடம் அதைச் சொல்லாமல் விட்டது யார்? 'போ, என்னத்தைச் சொல்ல' என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

ஜூலை 26, வெள்ளி

தட்டில் சாப்பாடு வைத்தேன். தட்டைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். 'ஆச்சு' என்று சொன்ன பிறகுதான் வாயை வைத்தான். இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

பெல் அடித்தது. குரைக்கவில்லை. காதைக்கூட அசைக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. இவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. மகள் போனில், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்றாள். சங்கதியைச் சொன்னதும் அவளும் அழுதுவிட்டாள்.

உட்கார்ந்து யோசித்தேன். 'வா' வேண்டும். சாலையில் லாரி வந்தால் அதுதான் உயிர். 'நில்' வேண்டும், அதே லாரிக்காக. இழுக்காமல் நடப்பது என் தோளுக்காக. அவ்வளவும் முதல் நிலையிலேயே கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் யாருக்காக? கோப்பை இவருக்கு. கைதட்டல்? அது எனக்கு. பொய் சொல்லக் கூடாது.

ஆனால் பயிற்சியை விட்டால் குரைப்பு திரும்ப வரும். வந்தால் செயலாளர் விரட்டுவார். விடாவிட்டால் இவன் விரிப்போடு விரிப்பாகிவிடுவான். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறதே, என்ன செய்ய?

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாயங்காலம் ஆம்புலன்ஸ்காரர் எழுந்துவிட்டாரா என்று பார்த்துக் கீழே போனேன். சண்டை போடத்தான் போனேன். வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். நுரையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"சைரனுக்குக் கீழயே சாப்பிட்டுத் தூங்குறவன் மேடம் நான். நாய் குரைக்கிறதெல்லாம் ஒரு சத்தமா? உங்க காலிங் பெல் இருக்கே, அந்தப் பெட்டி என் கட்டிலுக்கு நேர் மேல அலறுது. நெஞ்சே அடைச்சுக்குது. அது அலறினாதான் இவனும் விடாம கத்துறான். பெல்லை மாத்துங்கன்னு முதல் வரியிலயே எழுதியிருந்தேனே, சார் சொல்லலியா?"

சார் சொல்லவில்லை.

மேலே வந்து மேசை இழுப்பறையைக் கவிழ்த்தேன். காப்பி இருந்தது. முதல் வரி பெல். இரண்டாவது வரி நாய். அதை விரித்து இவர் முன்னால் வைத்தேன். படித்தார். "பெல்தான, அது சின்ன விஷயம்னு விட்டுட்டேன்" என்றார். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டோம், நடுவில் நாய் மூன்று மணி நேரம் நனைந்து கிடந்தது. அதைத்தான் சொன்னேன். கத்தாமல்.

ஆகஸ்ட் 3, சனி

காலையில் ஸ்டூல் மேல் ஏறி இவர் பெல்லைக் கழற்றினார். நாலே நாலு திருகாணி. இதற்கா ஆறு வாரம்!

கதவில் 'தட்டவும்' என்று எழுதி ஒட்டினார். பிறகு, நான் சமையலறையில் இருக்கிறேன் என்று தெரிந்தே சத்தமாக மாஸ்டரிடம் பேசினார்: "மூணாவது வேண்டாம் மாஸ்டர். பேரை எடுத்துடுங்க. ஒண்ணாவதுல இடம் இருக்கா? இல்ல, நாய்க்கில்ல. எனக்கு."

அதற்காக மனசு ஒன்றும் இளகிவிடவில்லை. அவருக்கும் சேர்த்து டீ போட்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குட்டிகளுக்கு நடுவே பொட்டலத்தோடு நாற்பத்தெட்டு வயது மாணவர். வீட்டுக்கு வந்தவரின் இஸ்திரிச் சட்டையில் முட்டி உயரத்துக்கு மண். "இவனுக்கு எல்லாம் தெரியுது. நான்தான் தப்புத் தப்பா சொல்றேன்" என்றார். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பொட்டலம் இன்னும் குரைக்கவில்லை. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஒரு சத்தம்கூட இல்லை, பதினெட்டு நாளாகிறது. கீழ்வீட்டுக்காரரே வந்து தட்டிப் பார்த்தார். வாலை ஆட்டினான், வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

விரிப்பைத் தூக்கிப் போட்டுப் பல நாளாகிறது. ஆனாலும் காலையில் லேஸ் கட்டும்போது அதே இடத்தில் வந்து உட்காருகிறான். இன்றும் உட்கார்ந்தான். "ஆச்சு" என்றேன்.

உள்ளேயிருந்து இவர், "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எதுக்கும் நானும் ஒருதடவை சொல்லிடறேன்." சட்டைப் பித்தானைப் போட்டபடியே வந்து அவன் காதருகே குனிந்து சொன்னார். இப்போதெல்லாம் தினமும் இப்படித்தான்.

இறங்கித் தெருவில் பாதி தூரம் போயிருப்பேன். மேலே பால்கனியில் ஒரு சத்தம், தொண்டையைச் செருமுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே மூக்கு. அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக. அப்புறம் வாய் திறந்துவிட்டது அவனுக்கு. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, என்னைத் திட்டுகிற மாதிரி, மூச்சு விடாமல் குரைத்தான்.

கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, இருக்கட்டும் என்பதுபோல் அசைந்து, உள்ளே போனது.

வேலைக்கு ஏழு நிமிஷம் தாமதம். அவன் சொல்லி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.