கம்பெனிக்குப் போய்வந்த பேனா

மாமா,

இன்று காலை உங்கள் பேனா மறுபடியும் கசிந்துவிட்டது. சொந்தக்காரர் கல்யாண வீட்டுக்குப் போகவென்று போட்ட வெள்ளைச் சட்டை. பைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். உங்கள் மகள் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்க அந்த வாசம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீஸ் வேப்பமரத்தடியில் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்தாலே அடிக்குமே, அதே மை வாசம்.

என் மகளும் அவள் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்து இங்கேதான் இருக்கிறார்கள். அவர் முன்னால் உங்கள் மகள் பழைய கதையை எடுத்தாள். "இது டூப்ளிகேட்டு தம்பி. இவுக சார்ஜாவுல இருந்து வாங்கிட்டு வந்த ஒரிஜினலை எங்கப்பா வத்திராயிருப்பு பஸ்ஸுல தொலைச்சிட்டாக. ஒரு பேனாவக் காப்பாத்தத் தெரியல, ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுனாக" என்றாள். மாப்பிள்ளை மரியாதைக்குச் சிரித்தார். பதினைந்து வருசமாகக் கேட்கிற கதைதான். நானும் வழக்கம்போலப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஆனால் பேப்பரில் ஓர் எழுத்துகூட ஓடவில்லை. உங்களைப் பார்த்தே இராத ஒருவர் உங்களை நினைத்துச் சிரிக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பேனாவை நான் நம்பித்தான் வாங்கினேன். இதை நீங்கள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ராஜபாளையத்தில் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் சார்ஜாவுக்குப் போய் முதல் லீவுக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவராமல் ஊருக்குள் கால் வைக்க முடியுமா? அத்தைக்குச் சேலை, மச்சானுக்கு டார்ச் லைட்டு, உங்களுக்குப் பேனா. கண்ணாடிக் கடையில் வெல்வெட் பெட்டியில் வைத்து, தங்க மூடியைத் துடைத்துத் துடைத்துக் காட்டி விற்றான். பெரிய கம்பெனியின் பெயர் மூடியிலேயே இருந்தது. எனக்கு வேறென்ன தெரியும்?

நீங்கள் அதை வைத்துக்கொண்டு செய்த அலப்பறை கொஞ்சமா! மம்சாபுரத்துக்காரர் வந்தாலும் சுந்தரபாண்டியத்துக்காரர் வந்தாலும், பத்திரத்தில் முதல் எழுத்து விழுவதற்கு முன்னால் "எங்க மாப்ள வாங்கிட்டு வந்தது" என்று ஒருமுறை தூக்கிக் காட்டுவீர்கள். நாளாக ஆக, நீங்கள் மூடியைக் கழற்றினாலே பக்கத்து மேசை எழுத்தர் உங்களுக்கு முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடுவார். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் கை நீட்டினால் வேறு பேனாவைத்தான் எடுத்துக் கொடுப்பீர்கள். "நிப்பு என் கைக்குப் பழகினது. அடுத்த கை பட்டா கோணிக்கும்" என்பீர்கள்.

என் அடுத்த லீவில்தான் அது சிமெண்டுத் தரையில் விழுந்தது. கழுத்தில் விரிசல். எழுதவும் மாட்டேன் என்றது, மையையும் கக்கியது. பஜாரில் பேனா ரிப்பேர் பார்க்கிறவர், "சூடு காட்டி ஒட்டிரலாம் அண்ணாச்சி" என்று கையை நீட்டினார். நீங்கள் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டீர்கள். "இது ஒன் மருந்துக்குக் கேக்காதுப்பா. கம்பெனிக்குத்தான் போகணும்."

உங்கள் மகள் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்றை எடுத்துவந்தாள். நீங்களே சுற்றினீர்கள். தலையிலிருந்து கால்வரை கட்டுப்போட்டு டின்னுக்குள் படுக்க வைத்தபோது, ஆபரேசனுக்குப் போகிற ஆள் மாதிரியே இருந்தது. பம்பாய் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதியது நான். "சார்ஜாவுல எங்க மாப்ள வாங்கினதுன்னு எழுதுங்க மாப்ளே. அப்பத்தான் கவனமாப் பாப்பான்" என்று என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பதில் வந்தபோதும் நான் அதே லீவில்தான் இருந்தேன். பத்திரம் பதிய நல்ல நாள். மரத்தடியில் கூட்டம். தபால்காரர் டின்னை நீட்டினார். நீங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பேனாவோடு வந்த கடிதத்தைப் பிரித்து என்னிடம் கொடுத்தீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லி.

ரெண்டே வரி. இது எங்கள் தயாரிப்பு அல்ல, ஆகையால் பழுது பார்க்க இயலாது, வருந்துகிறோம். நான் அதை எனக்குள்ளேயே வாசித்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நீங்களே வாசித்தீர்கள்.

"என்னய்யா போட்டிருக்கான்? சத்தமாத்தான் வாசியுமேன்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

நீங்கள் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தீர்கள். பிறகு தலையைச் சொறிந்தீர்கள். "நான் ஒரு கிறுக்கன்யா. மாப்ள வாங்கிக் குடுத்ததைப் போன பங்குனியிலயே வத்திராயிருப்பு பஸ்ஸுல தொலைச்சிட்டேன். தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாகன்னு மதுரைக்குப் போயி அதே சாடையில ஒண்ணு வாங்கினேன். ஒரிஜினல்னு சத்தியம் பண்ணிக் குடுத்தான், நாசமாப் போறவன். இப்ப டூப்ளிகேட்டுன்னு எழுதிட்டான்."

மரத்தடியே சிரித்தது. "மாப்ள பேனா, மாப்ள பேனான்னு ஆட்டுனீரே!" என்று ஒருவர் உங்கள் தோளில் தட்டினார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை மாமா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

வீட்டுக்கு நடக்கும்போது, "மாமா, நான் தெரியாம..." என்று இழுத்தேன். நீங்கள் முடிக்க விடவில்லை. "நீங்க ஏமாந்திருக்கீக, எனக்குத் தெரியாதா? ஊரு அப்படிச் சொல்லாது. மாமனாருக்கே போலியக் குடுத்தான்னு சொல்லும். மாப்ளைக்கு ஒரு சொல்லு வரப்படாது. மகட்டயும் சொல்லிக்கிட வேண்டாம், விடுங்க."

விட்டுவிட்டேன். அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டேன்.

உங்கள் மகள்தான் விடவில்லை. "அவுக வெயில்ல வெந்து வாங்கிட்டு வந்தத இப்படித் தொலைச்சிட்டு, பொய் வேற!" என்று உங்களிடம் பேச்சையே நிறுத்தினாள். நான் சார்ஜாவுக்குத் திரும்பிய பிறகு, அந்த வருசம் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரவில்லை என்று பெருமையாக எனக்கு எழுதினாள். நீங்களே மாம்பழப் பையோடு ராஜபாளையம் வந்தீர்களாம். காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். எனக்காகக் கோபித்துக்கொண்டதாக நினைத்து எழுதியிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன். இங்கே புழுதிக்காற்று அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதி ஒட்டினேன். ஒரு வரி சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை.

பேனாவை அந்தப் பஜார்காரரிடமே கொடுத்து, ஏதோ ஒரு நம்மூர் நிப்பைப் போட்டு, கடைசிவரை அதிலேயே பத்திரம் எழுதினீர்கள். போலி என்று தெரிந்த பிறகும் சாட்சிக்காரர் கையில் அதைக் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நீங்கள் போன பதினாறாம் நாள் மச்சான் அதை என் கையில் வைத்தார். "மாப்ளைட்டயே குடுத்துருன்னு அப்பா சொன்னாக" என்றார்.

இன்று காலை பேப்பரை மடித்து வைத்தேன். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். "ஒங்கப்பா எதையும் தொலைக்கல. இதுதான் நான் வாங்கிட்டு வந்த பேனா. சார்ஜாவுலயே என்னைய ஏமாத்திட்டான். என் மானம் போயிரும்னு அவுக பழியத் தன்மேல போட்டுக்கிட்டாக. நான் பேசாம இருந்துட்டேன்."

மாப்பிள்ளை எழுந்து மெதுவாக வாசலுக்குப் போய்விட்டார். உங்கள் மகள் தேய்ப்பதை நிறுத்தினாள். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். "அன்னைக்கு மாம்பழப் பையோட வாசல்ல நின்னு, நல்லாருக்கியாம்மான்னு மட்டும் கேட்டாக. நான் திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். குழாயை மூடிவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து என்னைய இப்படி ஆக்கிட்டீகளே" என்றாள்.

நீங்கள் சுமந்ததை இறக்கி வைக்கிறேன் என்றுதான் வாயைத் திறந்தேன். அது அவள் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. உங்களிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லாத இடத்துக்கு அவளையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

கல்யாணத்துக்கு என் மகளும் மாப்பிள்ளையும் மட்டும் போனார்கள். சட்டை கொடியில் காய்கிறது. கறை போகவில்லை, அதை அப்படியே போட்டுக்கொள்வேன். பேனாவை அவள் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டாள். யார் கையிலும் கொடுக்கமாட்டாள் போலிருக்கிறது. இந்த மடலைப் பால்பாயிண்டில்தான் எழுதுகிறேன் மாமா. அவளிடம் உங்கள் பேனாவைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.