கீழ் வரிசையில் ஒரு முகம்

வடக்குப்பட்டு,
12 ஜூலை 2025

தம்பி சக்திகுமாருக்கு,

நலம். நீ கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன், அதனால் கடிதம்.

உன் சினிமா அழைப்பிதழ் வந்தது. அதன் அட்டையில் ஒருவன் கல்யாண பேனர்களைத் தரையில் விரித்து, மேலே பாய் போட்டுப் படுத்திருக்கிறான். அது நான். எடுப்பதற்கு முன் என்னைக் கேட்கத் தோன்றவில்லையா?

நம் அறையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இந்தத் தெருமுனையில் பேனர் கட்டினோம். மேலே மாப்பிள்ளையும் பெண்ணும், கீழ் வரிசையில் அறை நண்பர்கள். எல்லாம் முடிந்ததும் கழற்றி வந்து, மழைக்குக் கசியும் தரையில் விரித்துக்கொள்வோம். ஆறு பேரில் ஐந்து பேர் கீழ் வரிசையிலிருந்து மேலே ஏறிப் போனீர்கள். நான் விரிப்பின் மேல் மிஞ்சினேன்.

முதல் நான்கு பேனர்களிலும் எனக்கு ஒரே படம், கம்பெனி அடையாள அட்டைக்கு இருபத்தொன்பது வயதில் எடுத்தது. ஐந்தாவது உன்னுடையது. மற்ற நால்வரும் இருந்தார்கள், நான் இல்லை. வடிவமைத்தவனே நீ என்பதால் அச்சகத்துக்காரன்மேல் பழி போடவும் முடியாது. ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்று பொய் சொல்லி உன் கல்யாணத்துக்கு வராமல் இருந்தேன். ஒன்பது வருடத்தில் ஏன் என்று ஒருமுறைகூட நீ கேட்கவில்லை.

வீட்டுக்கார மீனம்மாள் நேற்றும் கேட்டார். "இன்னா சார், உன்கூட இருந்தவங்கல்லாம் புள்ளகுட்டியோட கீறாங்க. நீ இன்னும் ஒண்டியாவே கீறியே?" எம்.ஃபில். படித்துவிட்டுப் பதினான்கு வருடமாகக் கம்பெனியில் கார் கதவுகளில் கீறல் தேடுகிறவன் நான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

பேனரில் இடமில்லாதவனுக்கு சினிமாவில் எதற்கு இடம்? நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
காசிராஜன்


திருநெல்வேலி,
21 ஜூலை 2025

அன்பும் மரியாதையும் மாறாத காசியண்ணனுக்கு,

சுகப்பிரியாவும் மகள் வேல்விழியும் நலம். உங்களைக் கேட்காமல் எடுத்தது தப்பு. கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று பயந்தேன். கல்யாண வீடியோ எடுக்கிற கேமராவில் எடுத்த சின்னப் படம்தான், அண்ணே. நான் கடைசியாக அறையைக் காலி செய்த அன்று, நீங்கள் வாசலில் நின்றீர்கள். அதை மறக்க முடியாமல் எடுத்தேன்.

பேனர் விஷயம் உங்களுக்கு நினைவில்லையா? நம் அறை அருள்பாண்டி கல்யாணத்துக்குப் பிறகு ஒரகடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "ஏலே சக்தி, அடுத்தது ஒனக்குத்தான். அதுல எம் மூஞ்சியப் போடாதல. எல்லாத்துலயும் அதே போட்டோதான், சட்டகூட மாறல. பாக்கவன்லாம் சிரிப்பான்" என்றீர்கள். நான் "சரிண்ணே" என்றேன்.

கம்ப்யூட்டரில் உங்கள் படத்தை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு நீங்கள் வராதபோது, சொந்தக்காரர்களின் கேள்விக்கு பயந்து ஒதுங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் கேட்கவில்லை.

தண்டலம் கல்லூரி அரங்கில் ஆகஸ்ட் 2, காலை பதினோரு மணிக்குத் திரையிடுகிறோம். என் பக்கத்து நாற்காலி உங்களுக்கு.

ஆகஸ்ட் 31 மகளுக்குக் காதுகுத்து. பேனர் நான்தான் செய்கிறேன். பெரியப்பா என்று உங்கள் படம் போடட்டுமா? வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் தம்பி,
சக்தி


வடக்குப்பட்டு,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சக்திக்கு,

நேற்று வந்திருந்தேன். கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். முன்னால் நீங்கள் எல்லோரும் குடும்பம் குடும்பமாக இருந்தீர்கள். பேச்சிராஜுக்கு உச்சியில் முடி போய்விட்டது. உன் பக்கத்து நாற்காலியில் ஒரு கைக்குட்டை கிடந்தது. ஓர் அம்மாள் உட்காரப் போனபோது நீ கை நீட்டித் தடுத்தாய். எழுந்து வர நினைத்தேன். நடுவில் இருபது வரிசை. என்னால் முடியவில்லை. விளக்குப் போடுவதற்குள் வெளியேறிவிட்டேன்.

படத்தில் ஒரு பிழை. உன் நாயகன் நண்பர்களின் முகத்தின்மேல் பாய் விரிக்கிறான். நான் பேனர்களைக் கவிழ்த்துத்தான் போடுவேன். முகங்கள் மிதிபடக் கூடாது. உன்னுடையதையும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். அத்தனை வருடம் கூட இருந்தவன், இதைப் பார்க்கவில்லையே.

டீக்கடையில் நான் சொன்னது உண்மை. நினைவிருக்கிறது, எப்போதும் இருந்தது. "நீங்க இல்லாமலா அண்ணே" என்று நீ சண்டைக்கு வருவாய் என்றுதான் சொன்னேன். நீ "சரிண்ணே" என்றுவிட்டாய்.

திரும்பும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். "இன்னாத்துக்கு சார், பாஸ்போர்ட்டுக்கா?" என்றார் போட்டோக்காரர். "காதுகுத்துக்கு" என்றேன். அவர் விழித்தார். சட்டை புதிது. காதோரம் நரை தெரிகிறது.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குழந்தையின் பேனரில் என் முகமெல்லாம் வேண்டாம், சக்தி. போடாதே.

அன்புடன்,
காசியண்ணன்