கதவைத் தட்டாமல் நேரம் கேட்டது

ஆகஸ்ட் 11
கரியாலூர் அருவிக்கு மேலே வைக்கப்போகும் பெட்டிக்கு ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓடையில் தண்ணீர் திடீரென ஏறினால் கீழே சங்கு ஊத வேண்டும். ஊதிக் காட்டினால்தான் அருவியைத் திறப்பார்களாம். போன வருஷ வெள்ளத்தில் பூட்டியது. அருவியடியில் பஜ்ஜிக்கடை போட்டிருந்த ஆயம்மாள் விடாமல் போன் பண்றாங்க. "எப்பம்மா ஊதும்?" வேறு பேச்சே இல்லை.

இன்றைக்கு ஒரு வினோதம். பெட்டி தண்ணீர்மேல் ஒலியை அனுப்பி, எதிரொலி வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும். அதற்காக ஓயாமல் மணி கேட்கும். மணி தெரிந்தது கெர்னலுக்குத்தான், கம்ப்யூட்டருக்குள் அதுதான் பெரிய அதிகாரி. அதைக் கூப்பிட்டால் காட்டிக்கொடுக்கும் கருவியை ஓட்டினேன். மணி கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்காமலே எப்படித் தெரியுது?

ஆகஸ்ட் 12
இதே யோசனையில் சாம்பார் அடிபிடிச்சிடுச்சு.

ஆகஸ்ட் 13
கிடைச்சிடுச்சு. ப்ரோகிராமின் மெமரியில் நான் கேட்காத பக்கங்கள் இருக்கின்றன. கெர்னலே கொண்டுவந்து ஒட்டியது, எல்லா ப்ரோகிராமுக்குள்ளும். ஒன்றில் நேர விவரம். இன்னொன்றில் அதைப் படித்துச் சொல்லும் சின்ன ப்ரோகிராம் துண்டு, பெயர் விடிஎஸ்ஓ. மார்க்கெட் கமிட்டி வாசலில் மக்காச்சோள விலையைப் பலகையில் எழுதிப்போட்ட மாதிரிதான். உள்ளே போய் யாரையும் கேட்க வேண்டாம்.

படிக்கலாம், எழுதக் கூடாது. நான் சும்மா இருப்பேனா? எழுதிப் பார்த்தேன். ப்ரோகிராம் அங்கேயே செத்துப்போச்சு. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 20
விடிஎஸ்ஓவிடம் எனக்காக மணி கேட்டுத் தருவது லைப்ரரி, எல்லோருக்குமாக எழுதிவைத்த ப்ரோகிராம். அது எதற்கு நடுவில்? விடிஎஸ்ஓவின் முகவரியை நேராகவே எழுதிவிட்டேன். பிழை தேடும் டீபக்கருக்குள் எத்தனை தடவை ஓட்டினாலும் அதே முகவரி. "ஓடிக்கினு இருக்கறத ஏன் நோண்ற?" என்றான் கவியரசன். என் கூட்டாளி, பெட்டி மாட்டுவது அவன் வேலை. உனக்கு இன்னா தெரியும் என்றேன்.

செப்டம்பர் 2
அசிங்கம். கரியாலூரில் அதிகாரிகள் முன்னால் சோதனை. தண்ணீர் ஏறின மாதிரி கவியரசன் பெட்டிக்குக் கீழே பலகையைப் பிடிச்சான். சங்கு ஊதல. மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்றேன், உடனே விழுது. வூட்ல ஓடிச்சே, இன்னாதான் ஆச்சு இதுக்கு? அப்புறம் பார்க்கலாம்னு ஜீப்ல ஏறிட்டாங்க.

ஆயம்மாள் திட்டியிருந்தா தேவலை. "நீ சாப்ட்டியாம்மா?"ன்னு கேட்டாங்க. அதுதான் தாங்க முடியல.

செப்டம்பர் 3
அடி மக்கு. விடிஎஸ்ஓ இருக்கும் பக்கம் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் உட்காரும், திருட்டு ப்ரோகிராம் கண்டுபிடிக்கக் கூடாதென்று. டீபக்கருக்குள் மட்டும் நம் வசதிக்காக இடம் மாறாது. நான் டீபக்கரை விட்டு வெளியே வந்து ஓட்டிப் பார்க்கவே இல்லை.

சரி, இடம் மாறினால் லைப்ரரிக்கு மட்டும் எப்படித் தெரியுது? தேடினேன். ப்ரோகிராமைத் தொடங்கும்போதே இன்றைய முகவரி இதுதான் என்று கெர்னல் சொல்லி அனுப்புகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! என் வரியை அழித்துவிட்டு லைப்ரரியையே திரும்பப் போட்டேன். கவியரசனிடமும் சொல்லிவிட்டேன். சிரிச்சான், படுபாவி.

செப்டம்பர் 19
ஊதியது. அருவி திறந்தாச்சு.

அக்டோபர் 21
மத்தியானம் மலையில் நல்ல மழை. கெர்னலின் கடிகாரம் பின்னால் போனால் அந்த நேரப் பக்கம் என்ன காட்டும் என்று படித்துக்கொண்டிருந்தேன். ஆயம்மாள் போன். பின்னால் ஒரே இரைச்சல்.

"கடை போச்சும்மா. பெஞ்சு, அடுப்பு எல்லாம் அடிச்சிகினு போயிடுச்சு."

சங்கு ஊதலையா என்று கேட்டேன்.

"பெஞ்சுல குந்திகினு இருந்தவங்க எல்லாம் இங்க மேட்டுல என்கூடதான் நிக்கறாங்க," என்றாங்க.