சாயங்காலக் காப்பியை நிறுத்திவிட்டேன், மதினி

என் அருமை மதினிக்கு,

நலமா என்று கேட்டு எழுதித்தான் பழக்கம். நீங்கள் மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருடமாகிவிட்டது, இனி அந்தக் கேள்வி எதற்கு? இங்கே நாங்கள் நலம். முதலில் வீட்டுச் செய்தி. பதிந்து வைத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தோமே, அந்த டெலிபோன் ஒருவழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நீங்கள் பின்னிக் கொடுத்த பூவேலை விரிப்பைத்தான் அதன்மேல் போர்த்தி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்த மணி அடித்தால் வீட்டில் எல்லோரும் எடுக்க ஓடுவார்கள், எனக்கு மட்டும் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றே தோன்றும். எடுத்துப் பார்த்தால் சாக்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மாள், முருங்கைக்காய் கொடுத்துவிடவா என்று கேட்பார்கள். அதற்குள் எனக்கு ரவிக்கையெல்லாம் நனைந்திருக்கும்.

மாசம் நின்றுபோய் ஒரு வருடம் ஆகிறது, மதினி. குப்பென்று ஒரு சூடு நெஞ்சிலிருந்து ஏறும், உடனே வேர்க்கும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அவ்வளவுதான், விடியும்வரை தூக்கம் கிடையாது. காரணமே இல்லாத பயம் வேறு. இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் இதே வயதில் இதையேதான் என்னிடம் சொன்னீர்கள்.

இருபது வருடம் மாதா கோயில் பாடற்குழுவை நடத்தியவர் நீங்கள். ஒரு ஞாயிறு திடீரென்று மைக்குக்கு முன்னால் போகாமல் கடைசியில் தூணோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். "படபடன்னு வருது அமலி, நிக்க முடியல" என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான மதினி, நீங்க மட்டும் ஏன் ஊரக் கூட்டுறீக?" அப்புறம் நீங்கள் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. பாடவும் இல்லை.

என் வாய் உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தே ஊரையெல்லாம் ஐந்தாம் வகுப்பாக நினைக்கிற வாய்.

தன் தலைக்கு வந்த பிறகு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரி மருதாணிப் பூவைத் தலையணைக்குள் வைத்துப் படுத்தால் தூக்கம் சொக்கும் என்றாள். பள்ளிக்கூட வேலியிலிருந்து ஒரு முந்தி நிறையப் பறித்து வந்து அப்படியே உறைக்குள் திணித்தேன். பூவோடு எறும்பும் வரும் என்று யார் கண்டது? அன்றைக்கு நானும் தூங்கவில்லை, இவரும் தூங்கவில்லை. நிழலில் உலர்த்தித் துணியில் முடிந்து வைக்க வேண்டுமாம். அதை அவள் மறுநாள்தான் சொல்கிறாள்.

பிறகு அரசு ஆஸ்பத்திரியில் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனேன். சிங்கம்புணரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி டாக்டராக இருக்கிறாள், சின்ன வயது. நான் சொல்ல ஆரம்பித்ததுமே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எத்தன நாளா இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரஷர் பார்த்தாள், ரத்தம் சோதிக்க எழுதிக் கொடுத்தாள். எதிலும் கோளாறு இல்லை என்று ஆன பிறகுதான் அமுக்கராக் கிழங்குச் சூரணம் தந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வெதுவெதுப்பான பாலில் கலந்து குடிக்கச் சொன்னாள்.

அது தவக்காலம் தொடங்கிய வாரம். சொன்னால் நம்பமாட்டீர்கள், பத்தே நாளில் தூங்க ஆரம்பித்துவிட்டேன். படபடப்பு பாதியாகக் குறைந்தது. சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பூசை முடிந்து வருகிற பெண்களையெல்லாம் மறித்து நிறுத்தி அமுக்கராவைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். அந்தச் சமயம் பார்த்து எங்கள் பள்ளித் தாளாளர் சாமியார் கூப்பிட்டு, ஜூனிலிருந்து நான்தான் தலைமையாசிரியை என்றார். யோசிக்காமல் சரி என்றேன்.

ஈஸ்டர் வந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து தூக்கம் பழையபடி போய்விட்டது. பொடியைக் குடிக்கிறேன், பாலைக் குடிக்கிறேன், இரண்டு மணிக்கு டாணென்று விழிக்கிறேன். பயமும் திரும்பி வந்தது, இரண்டு மடங்காக. முந்நூறு பிள்ளைகள், பதினோரு ஆசிரியர்கள், ஆய்வாளர் வந்தால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். டெலிபோன் மணிக்கே வேர்த்துப்போகிறவள் என்ன செய்வேன்? உங்கள் தூணோரம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பதவி வேண்டாம் என்று தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதி, மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்தேன். திங்கட்கிழமை கொடுத்துவிடுவது என்று முடிவு.

அதற்கு முன்னால் டாக்டரிடம் போய் ஒரு சண்டை போட்டேன். "ஒங்க பொடி கெட்டுப்போச்சும்மா. ஈஸ்டர் வரைக்கும் கேட்டுச்சு, இப்பக் கேக்க மாட்டேங்குது."

"ஈஸ்டருக்கு அப்புறம் என்ன மாறுச்சு டீச்சர்?"

"ஒண்ணும் மாறல. தவக்காலம் முடிஞ்சது, அம்புட்டுத்தான்."

"தவக்காலத்துல எதையாச்சும் விட்டிருந்தீகளா?"

மதினி, வருடா வருடம் நான் எதை ஒறுத்தல் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியுமே. காப்பி! நாற்பது நாளும் காப்பியை ஒதுக்கிவிட்டு, ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு விட்டதையெல்லாம் சேர்த்துக் குடிக்கிறவள் நான். காலையில் இரண்டு, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பொடி ஒங்கள அங்குட்டு இழுக்குது, காப்பி இங்குட்டு இழுக்குது. நடுவுல ஒடம்பு என்ன செய்யும்? பொடி கொஞ்சந்தான் டீச்சர் செய்யும், எல்லாத்தையும் செஞ்சிராது. காலையில ஒண்ணோட நிறுத்துங்க. மத்தியானத்துக்கு மேல வேணவே வேணாம்" என்றாள்.

பதினொரு மணிக் காப்பியை விடுவது கஷ்டமில்லை. சாயங்காலக் காப்பியை எப்படி விடுவேன்? பள்ளி விட்டு வரும்போது நாலரை மணிக்கு உங்கள் வீட்டில் ஏறி, உங்கள் கையால் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன். நீங்கள் போன பிறகு அண்ணன் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அடுப்படிப் பக்கமே தலைகாட்டாத மனுஷர். முதல் மாதம் அவர் போட்ட காப்பி கழனித்தண்ணி மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் குடித்தேன். இப்போது நிஜமாகவே நன்றாகப் போடுகிறார். உங்களைப் பற்றி அவர் வாய் திறப்பது அந்த அரைமணி நேரத்தில் மட்டும்தான். அதை வேண்டாம் என்றால் அவர் என்ன நினைப்பார்? காரணத்தைச் சொல்லலாம் என்றால், கூடப் பிறந்த அண்ணனிடம் எந்தப் பெண் இதைச் சொல்லியிருக்கிறாள்?

சொன்னேன், மதினி. தம்ளரை நீட்டினார். "இன்னைக்கு வேணாம்ணே" என்றேன். முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மாசம் நின்றது, சூடு, பயம், தூக்கம், பதவி வேண்டாம் என்று எழுதின கடிதம், எல்லாம். நீட்டின காப்பி அவர் கையிலேயே ஆறிப்போனது.

பிறகு, "அவளுக்கும் இதுதான் இருந்துச்சா அமலி?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"நான் வைஞ்சேனே. பாட்டுக்குப் போக மாட்டேங்குறான்னு வைஞ்சேனே" என்றார். உங்கள் அடக்கத்தன்று அழாதவர் அன்றைக்கு அழுதார். நானும் அழுதேன். நானும்தானே வைதேன்?

மறுநாள் அந்தப் பக்கம் போகாமல் நழுவப் பார்த்தேன். வாசலிலேயே நின்றிருந்தார். "எங்குட்டுப் போற? ஏறி வா" என்றார். தம்ளரில் சுக்குமல்லி. கருப்பட்டி போட்டு, கொத்தமல்லி விதையை வறுத்து அவரே இடித்தாராம். கொஞ்சம் காரம் தூக்கல்தான். "காப்பி குடிக்கவா ஒன்னைய வரச் சொல்றேன்? நாலரைக்கு எனக்கு ஒரு ஆளு வேணும்" என்றார். குடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய் மாதா காலடியில் இருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

பள்ளி திறந்து மூன்று வாரமாகிறது. தலைமையாசிரியை நாற்காலியில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். பொடி தொடர்கிறது, தலையணையில் எறும்பில்லாத மருதாணிப் பூ இருக்கிறது. தினமும் தூங்குகிறேன் என்று சொல்லமாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் தூங்குகிறேன், அது போதும். போன வாரம் ஆய்வாளர் வந்தபோது நன்றாக வேர்த்தது. வேர்த்துக்கொண்டே பதில் சொன்னேன், மனுஷர் தன் பக்கம் இருந்த மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

நேற்று மூன்றாம் வகுப்பு டீச்சர் என் அறை வாசலில் வந்து தயங்கி நின்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பிரார்த்தனைக் கூட்டத்தில் முன்னால் நின்றால் படபடவென்று வருகிறது, வேறு யாரையாவது போடுங்கள் என்றார். என் பழைய வாய் ஒரு நொடி திறக்கத்தான் பார்த்தது. அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள், மதினி. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

இனி என்னிடம் யார் வந்து இதைச் சொன்னாலும் அப்படியே செய்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. உங்களிடம் கேட்டிருக்க வேண்டியதைத்தான் அவரிடம் கேட்டேன்.

"எத்தன நாளா இருக்கு?"

என்றும் உங்கள் நாத்தனார்,
வாய்க்காரி அமலி
காரைக்குடி