குழாய் வாயில் கவிழ்த்த டப்பா

எங்கள் தெரு முனையில் இரண்டு நாளாக ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. இன்று காலை கரி கனியும் வாசம் சமையலறைக்குள் வந்ததும், கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். "ஏம்மா, கரி தெருவுல எரியுது. ஜன்னலைத் தொறந்தா வாசம் உள்ளதானே வரும்?" என்று மகள் சிரித்தாள். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த வாசம் வந்தால் எனக்குக் கையும் காலும் ஒரு இடத்தில் நிற்பதில்லை.

நீ போய் நேற்று நாற்பதாம் நாள், உனக்காக ஓதினார்கள். உன் தம்பி காதர் வீடு தேடி வந்து என்னை அழைத்திருந்தார். தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். தலைவலியாவது ஒன்றாவது! அவர் முகத்தைப் பார்க்கப் பயம். பத்து வருடமாக உன்னிடம் மறைத்த ஒன்றை அவரிடமாவது சொல்லியாக வேண்டும். இன்று போகப் போகிறேன். அதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன். நீ திட்ட முடியாத இடத்துக்குப் போன பிறகு எழுதுகிறேன் பார், அவ்வளவு தைரியசாலி நான்.

வால்பாறைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நம் இரண்டு பேருக்கும் ஒரே குவார்ட்டர்ஸ் கிடைத்தது நினைவிருக்கிறதா? தாராபுரத்து வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த ஊர்க் குளிர் ஜென்மப் பகை. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காலில் வீட்டுக்காரருடைய சாக்ஸ். என்னைப் பார்த்தாலே உனக்குச் சிரிப்பு வந்துவிடும். "அம்மணி, உங்கூரு வெயிலை ஒரு மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்பாய். உனக்கும் குளிர்தான். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுச் சந்தில் பிறந்தவள் நடுங்கமாட்டாள் என்று வீம்புக்கு நின்றுகொண்டிருந்தாய்.

இரண்டாவது வருடம் காதர் அந்த அடுப்பைக் கொண்டுவந்தார். கோயமுத்தூரில் தகரப் பட்டறை வைத்திருந்தவர், அக்கா நடுங்குகிறாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தானாகவே யோசித்துச் செய்தது. இடுப்பு உயரம், நாலு கால், முன்னால் கரி போட ஒரு சின்னக் கதவு, பின்னாலிருந்து கிளம்பும் ஒரு குழாய். ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றித் தகரம் அடித்து, அதன் வழியாகக் குழாயை வெளியே விட்டு மேல் நோக்கி வளைத்தார். மழைக்கு மேலே ஒரு குல்லாய் மாட்டவேண்டும், அளவெடுத்துக்கொண்டு போகிறேன், அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நாம் இருவரும் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு மகாராணிகள் மாதிரி உட்கார்ந்து டீ குடித்தோம்.

கரியை எப்போதும் வாசலில் சட்டியில் பற்றவைப்போம். புகையெல்லாம் போய்ச் செக்கச்செவேலென்று கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்து அடுப்பில் கொட்டுவோம். நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்வதுதான். புகை இல்லாத கரிக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது நம் நினைப்பு. மலைக்குக் கீழே நம் ஊரில் ஜன்னலை யார் சாத்தினார்கள், அந்த நினைப்பு தப்பென்று தெரிவதற்கு? இங்கேயோ நான் கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, ஜன்னல் சந்தில் பழைய புடவையைக் கிழித்துச் செருகி, ஒரு ஈ நுழைய வழியில்லாமல் செய்து வைத்திருந்தேன்.

அந்த ஜூன் மாதம் உனக்கு நோன்பு. சனி ஞாயிறு வீட்டில் நோன்பு திறக்கலாம் என்று கோயமுத்தூர் இறங்கிப் போய்விட்டாய். சனிக்கிழமை மழை பேய்மாதிரி கொட்டியது. குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, அடுப்பு அணைந்து, தரையெல்லாம் கரிக்குழம்பு. துடைத்துத் துடைத்து இடுப்பு ஒடிந்தது. எரிச்சலில் ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போய், ஸ்டூலில் ஏறி, குழாய் வாயில் கவிழ்த்து, கம்பியால் இறுக்கிக் கட்டினேன். காதருடைய குல்லாய் வரும்வரை இருக்கட்டும், பற்றவைக்கும்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்பே மூட்டவில்லை. மறந்துபோனேன். இவ்வளவுதான் நான் செய்தது. இதைச் சொல்லத்தான் பத்து வருடம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். மத்தியானம் உடம்பு வெடவெடக்கிறது, கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினாய். என் வகுப்பு வாசலில் நின்று, "அடுப்பைப் பத்தவெச்சுட்டுப் படுக்கறேன், நீ மெதுவா வா" என்றாய். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்!

அரை மணிக்குமேல் இருக்கும். வகுப்பில் கூரை ஒழுகியது. சத்துணவு ஆயா வந்து, ஒழுகும் இடத்தில் ஒரு பழைய டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். டப்பாவில் சொட்டு விழும் சத்தம் கேட்டதும் குழாய் வாயில் நான் கவிழ்த்த டப்பா நினைவுக்கு வந்தது. சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். குடை இல்லை, செருப்பு எங்கே போயிற்று தெரியாது. தேயிலைச் சந்தில் இரண்டு தடவை விழுந்தேன்.

நீ கட்டிலில் இல்லை. கதவுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தாய், எழுந்து வர முயன்றிருப்பாய் போல. முகம் நன்றாகச் சிவந்து, தூங்குகிற மாதிரி இருந்தது. கூப்பிட்டேன், கன்னத்தில் அறைந்தேன், அசையவில்லை. செத்துவிட்டாய் என்றே நினைத்தேன். கக்கத்தில் கைகொடுத்து மழைக்குள் இழுத்துப் போட்டேன். என் அலறலில் எதிர் வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள், எஸ்டேட் ஜீப் வந்தது. மழைத் தண்ணீர் முகத்தில் விழ விழ நீ ஒரு தரம் இருமினாய். அந்த இருமலைக் கேட்டபோதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

இப்போது சொல்வதை எழுதுமுன் பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். உன்னை அவர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். கம்பியைப் பிடுங்கி, டப்பாவை எடுத்து, தேயிலைக்குள் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தேன். பிறகு வந்து உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் டப்பாவைத்தான் எறிந்தேன்.

டாக்டர், மூடிய அறைக்குள் தேங்கிய கரிக்காற்றின் விஷம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காதர் வந்தார். குழாயைக் கழற்றி ஒவ்வொரு துண்டாக வாயில் வைத்து ஊதிப் பார்த்தார், கையை உள்ளே விட்டுத் தடவினார், ஒன்றும் கிடைக்கவில்லை. வளைவில்தான் தப்புப் பண்ணியிருக்கவேண்டும் என்று தானே முடிவுகட்டிக்கொண்டார். உங்கள் மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் அவரைப் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அக்காவைக் கொல்லப் பார்த்தவன் என்றார். நான் தூணோடு தூணாக நின்றேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை; சொன்னால் நீ என் முகத்தைப் பார்க்கமாட்டாய் என்ற பயம்.

அதற்குப் பிறகு நீ சில சமயம் பேசிக்கொண்டே இருந்து சட்டென்று நிறுத்துவாய், பிள்ளைகள் பேர் மறந்துபோகும். "என்னமோ போ, கரிக்காத்து மூளையில பூந்துக்கிச்சு" என்று சிரிப்பாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வரும். போன மாதம் உன் இதயம் நின்றபோதும் முதலில் எனக்குத் தோன்றியது அந்த டப்பாதான். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மகள் பத்துத் தடவை சொல்லிவிட்டாள். எனக்கென்னவோ பயம் போகவில்லை.

இதுவரை எழுதிவிட்டுக் காதரின் பட்டறைக்குப் போனேன். போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

காதர் இப்போது ஏசிக்குத் தகரக் குழாய் செய்து மாட்டும் வேலை செய்கிறார், பட்டறை பெரிதாகிவிட்டது. அந்த அடுப்புக்குப் பிறகு நெருப்புச் சம்பந்தமான எதையும் அவர் தொட்டதில்லை. என்னைப் பார்த்ததும் வெட்டிக்கொண்டிருந்த தகரத்தை வைத்துவிட்டு, "வாங்க டீச்சர், தலைவலி பரவால்லீங்களா?" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று பயம். நின்றபடியே டப்பா, கம்பி, தேயிலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. எனக்குப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். "அப்ப வளைவு செரியாத்தான் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது என்றேன். கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில அக்கா கடைசியாப் பேசுனது எங்கிட்டத்தானுங்க. 'அடுப்பை மனசுல வெச்சுக்காதடா, நான் எப்பவோ மன்னிச்சுப்போட்டேன்'னு சொல்லுச்சு. நானும் அதுக்கோசரம் அழுதேனுங்க." விரித்த கையை மூடிக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதும் மரியாதைக்குச் சொல்லும் அந்த 'ங்க' குறையவில்லை. "அந்த மன்னிப்பை நான் இப்ப என்னங்க பண்றது, டீச்சர்?"

வணக்கம்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். நீ அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது எனக்குச் சேரவேண்டியது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் ஆள் நான்தான் என்று தெரிந்திருந்தால் நீ அதைக் கொடுத்திருப்பாயா? அன்றைக்கு அதைக் கேட்கப் பயந்தேன். இனிமேல் கேட்டாலும் நீ சொல்லப்போவதில்லை.