கண்ணாடியில் வெள்ளைத் தூள்

ரொறன்ரோ, 12 நவம்பர் 1986

இன்று லேசரைப் போட்டதும் திரையில் நேராகத் தெரிய வேண்டிய கோடுகள் புள்ளி புள்ளியாகக் கலைந்து கிடந்தன. ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியில் வெள்ளைத் தூள். நேற்று நானே துடைத்து மூடிய கண்ணாடி.

ஆய்வுகூடப் பூட்டின் திறப்பு என்னிடமும் என் ஆராய்ச்சி மாணவன் அன்ரனியிடமும் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெடியன் என்று நான் எடுத்தவன். பக்கத்து ஆய்வுகூடப் பேராசிரியரும் எங்களுக்குப் போட்டியாக இதே அளவீட்டைத்தான் செய்கிறார். போன கிழமை அவரோடு இவன் கோப்பி குடித்ததைக் கண்டேன்.

“உள்ளுக்கை ஆரை விட்டனீர்?” என்று கேட்டேன்.

“ஒருத்தரையும் இல்லை, சேர். உது திருநீறு மாதிரிக் கிடக்கு.”

“உம்மடை திருநீறோ?”

“நாங்கள் வேதக்காரர், சிலுவை போடுற ஆக்கள், சேர்” என்றவன் என் நெற்றியைப் பார்த்தான்.

அளவீட்டின் முதல் நாள் நல்லபடி தொடங்கட்டும் என்று காலையில் மனைவி அள்ளிப் பூசிவிட்டிருந்தாள். அதோடுதான் குனிந்து மூடியைத் திறந்தேன். சரி, என் திருநீறாகவே இருக்கட்டும். ஆனால் நான் இன்னொரு தரம் பார்க்குமுன் அவன் ஏன் அவ்வளவு அவசரமாகக் கண்ணாடியைத் துடைத்தான்?

திறப்பைத் திருப்பிக் கேட்டேன். உடனேயே எடுத்துத் தந்தான். அதுதான் இன்னும் சந்தேகமாக இருக்கிறது.