பியானோ பெரட்டு

1952 மார்ச் 3

ரப்பர்த் தோட்டத்தின் கம்பி வேலிக்குள் குடிவந்தாயிற்று. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து, ஆபீஸ் கிராணிமார் குடும்பங்களும் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பக்கமே வர வேண்டுமாம். புது வீட்டு வாசலில் என் பியானோ நுழையவில்லை. என்னைக் கேட்காமலே, கிராணி வேலை பார்க்கும் மகன் துரைசிங்கம் அதைப் பிள்ளைக் கொட்டகையில் இறக்கிவிட்டான்.

"ஈஸ்டருக்கு முன்னம் தெமியாங் சேர்ச்சுக்குக் குடுத்திடுவம் அம்மா. அங்க வாசிக்க ஆள் இருக்கு."

ஆளா? அப்படியானால் நான் யார்? அட்டை கிழிந்த ஒரே புத்தகத்தை வைத்து, ஒரு வாத்தியாரும் இல்லாமல் பழகியவள்.

மார்ச் 5

கொட்டகைக்குப் போனேன். பால் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் என் பியானோவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தன. ஆயா மங்கம்மா சிரிக்கிறாள். "இது வந்ததுலேர்ந்து ஒண்ணும் அழுவுறதில்ல கிராணியம்மா. நல்ல சாமான்லா!"

சத்தம் ஆபீஸ் வரை கேட்கிறதாம். ஏப்ரல் 5 அன்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து கேட்பாராம். வாசிப்பாக மாறியிருந்தால் இங்கே இருக்கட்டும், வெறும் சத்தமென்றால் லாரி ஏறட்டும் என்றாராம்.

சரி. பார்த்துவிடுவோம்.

மார்ச் 7

பிள்ளைகளிடம் விரலை வளைக்கச் சொன்னேன். ஒன்றுகூடச் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு பிள்ளை தூங்கிவிட்டது.

மார்ச் 10

கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகத்தானே நிற்கின்றன? இரண்டு கதவு லயம், மூன்று கதவு லயம் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கதவு லயத்துக்கு இடப்பக்கம் தண்ணீர்க் குழாய். அந்த வெள்ளைக் கட்டைதான் முதல் கட்டை.

"குழாய் எங்கே?"

ஓடி வந்து, பியானோ முழுவதும் குழாய் குழாயாகத் தொட்டார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை! என் புத்தகத்தில் இது நாலாம் பாடம்.

மார்ச் 14

இன்று பெரட்டு விளையாட்டு. விடியற்காலை கங்காணி கூலியாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறாரே, அதேதான். ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கட்டை. சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். தன் கட்டை ஒலித்தால் "இருக்கேன்!" என்று கத்திவிட்டு ஓடி வந்து அதையே அழுத்த வேண்டும். தவறினால் அரைப் பேர் – அரை நாள் கூலிதான். இந்தத் தண்டனை அவர்களே போட்டது.

ஐந்தாம் கட்டை நீலாவதிக்கு. பால் வெட்டும் வீரமுத்துவின் மகள். ஒரு தடவையும் அரைப் பேர் வாங்கவில்லை.

மார்ச் 18

கங்காணி முனியாண்டி வந்தார். "ஏங் கிராணியம்மா, எம் பெரட்டு ஒங்களுக்கு வெளையாட்டாப் போச்சா? பொடிசுங்கல்லாம் என்னயப் பாத்து மீச முறுக்குதுங்க!"

"அப்போ மீசையை எடுத்துவிடும்" என்றேன்.

கோபித்துக்கொண்டு வெளியே போனவர் ஜன்னலடியில் நின்றுகொண்டார்.

மார்ச் 25

தினமும் நிற்கிறார். "வேவு பாக்குறாரு" என்கிறாள் மங்கம்மா. பார்க்கட்டும்.

ஏப்ரல் 4

வேலிவாசல் சோதனையில் வீரமுத்துவின் தூக்குச் சட்டியில் சோறு இருந்ததாம். ஒரு பிடி. வேலிக்கு வெளியே ஒரு பருக்கையும் போகக் கூடாது என்பது சட்டம். காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோனதாகச் சொல்லிப் போலீஸார் சிரம்பானுக்கு ஏற்றிவிட்டார்கள். மனைவியும் நீலாவதியைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள்.

"நாளைக்கு நாலு பிள்ளையள்தானே அம்மா. துரையிட்ட வேற நாள் கேக்கட்டே?" என்றான் துரைசிங்கம்.

வேண்டாம் என்றேன். அவள் இடத்தில் வேறு பிள்ளையை நிறுத்தவும் மாட்டேன். அது அவள் கட்டை.

ஏன் அப்படிச் சொன்னேன்? பியானோ போய்விட்டால்?

ஏப்ரல் 5

துரை வந்தார். நான்கு கட்டைகளுக்கும் நான்கு "இருக்கேன்", ஒன்றும் தப்பவில்லை. ஐந்தாவதை அழுத்தினேன். யாரும் ஓடி வரவில்லை. வேண்டுமென்றேதான் மறுபடி அழுத்தினேன். துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருக்கேன்!"

ஜன்னலிலிருந்து! முனியாண்டி, முதுகைக் காட்டி நின்றபடி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பால்பிசின் ஒட்டிய கட்டைவிரலால் அழுத்தினார். அதே ஐந்தாம் கட்டை!

"கங்காணிக்கு அரைப் பேரு! லேட்டா வந்தாரு!" என்று பிள்ளைகள் கூச்சலிட்டன. துரை தொப்பியை எடுத்துவிட்டுச் சிரித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஏப்ரல் 7

பியானோவை ஏற்ற வந்த லாரி வெறுமையாகத் திரும்பியது. துரைசிங்கம் என்னோடு பேசவில்லை. நானாகப் போய்ப் பேச மாட்டேன்.

ஏப்ரல் 12

வீரமுத்துவை விட்டுவிட்டார்கள். நீலாவதி நேராகக் கொட்டகைக்கு வந்து கங்காணியைத் தள்ளினாள். "இது எங் கட்டை!"

"பெரட்டுல ஏறுன பேர எடுக்க முடியாது புள்ள."

ஆறாம் கட்டையை அவருக்குக் கொடுத்துச் சண்டையைத் தீர்த்தேன்.

சாயங்காலம் துரைசிங்கம் வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"அம்மா... ஏழாம் கட்டைக்கு ஆள் இருக்கோ?"

பெரட்டுக்கு நேரத்தோடு வரச் சொன்னேன்.